அரை கப் டீ வரைக்கும் இருந்த வேலை

மக்களே, எனக்கு வேலை கிடைத்துவிட்டது!!!

அரை கப் டீ குடித்து முடிக்கும் வரை.

இன்று மலேசியாவின் பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் டீக்கடையில், சுற்றுலா வந்தவர்களுக்கு எந்தத் தூளை எப்படிப் போட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கடைக்கார அக்கா கேட்டு அசந்துவிட்டார்.

"நல்லா பேசுறியே லா! எந்த எஸ்டேட் லயத்துப் பொண்ணு? நாளைக்கே வேலைக்கு வந்துரு."

"வீட்டுக்காரர்தான் இந்த எஸ்டேட், அக்கா. நான் தஞ்சாவூர்."

"இங்கயே நிரந்தரமாத் தங்க பிஆர் கெடச்சிருச்சா?"

"கேட்டிருக்கோம். ஆறு வருசமா விசிட்டர் பாஸ்தான். வேலை செய்யக்கூடாது."

அக்கா என் கப்பை நிரப்பினார். "அப்ப நீ விருந்தாளி. உக்காந்து குடிம்மா, காசு வேணாம்."

அந்த விருந்தாளி, வீட்டுக்கு வந்து மாமியாரின் சட்டிபானையெல்லாம் கழுவி முடித்தாள்.

என்னைப் போல வருசக்கணக்கில் தங்கிவிட்ட விருந்தாளிகள் யாராவது இருந்தால் கமெண்டில் கை தூக்குங்கள். டீ நானே போடுகிறேன். அதற்கு மட்டும் பெர்மிட் வேண்டாம்.