ரெகார்டு ரூமில் அரக்குத் துண்டு

1. புகார்

விஜிலன்ஸ் பிரிவில் நான் சேர்ந்த அன்று டைரக்டர் என்னை அழைத்து இந்தியில் ஒரே ஒரு அறிவுரை சொன்னார். "ராமநாதன் ஜி, இங்கே யாரையும் நம்பாதீங்க. என்னையும் சேர்த்துத்தான்." அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

பதினோரு வருடம் அப்படியே ஓட்டினேன். காரிடாரில் இரண்டு பேர் சிரித்துப் பேசினால், இவர்களுக்கு எதில் பங்கு கிடைத்தது என்று யோசிப்பேன். வீட்டிலும் இதே குணம்தான். ஞாயிற்றுக்கிழமை தோழி வீட்டுக்கு விளையாடப் போகிறேன் என்று மகள் சொன்னால், "இருபத்தஞ்சு வயசுல என்ன விளையாட்டு? உண்மையைச் சொல்லு" என்பேன். சொல்வதை அவள் நிறுத்திவிட்டாள். தலைநகரில், கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு ரொம்ப அமைதியான வீடு.

நான் ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது அந்தப் புகார் வந்தது. எழுதியவர் மூன்றாவது மாடியில் செக்ஷன் ஆபீசராக இருந்த மெஹ்ரா. பெயர் போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தார். பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. புகாரின் சாரம் இதுதான்: தினமும் லஞ்ச் நேரத்தில் அண்டர் செக்ரட்டரி சாவ்லா மேடமும் இன்னும் மூன்று பெண்களும் பழைய ரெகார்டு ரூமுக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார்கள். அந்த அறை பீரோவில்தான் பதவி உயர்வுக் கமிட்டியின் சீல் வைத்த கவர்கள் இருக்கின்றன. சாவி மேடத்திடம்.

இப்போது எல்லா ஃபைலும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் அந்தக் கவர்களுக்கு மட்டும் இன்னும் அரக்கு சீல்தான். உடைத்துவிட்டுத் திரும்ப ஒட்டினால் பார்த்ததும் தெரியும்.

சாவ்லா மேடத்துக்கு ஓய்வு பெற ஆறு மாதம்தான் இருந்தது. விசாரணை என்று ஆரம்பித்தால் பென்ஷன் நிற்கும். அதெல்லாம் எனக்குத் தெரியும். அதைப் பார்த்துக் கை நடுங்குகிறவன் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்றுதான் அப்போது நினைத்தேன்.

2. மூன்று நாள் காவல்

முதல் நாள் எதிரே இருந்த ஜெராக்ஸ் அறையில் ஏதோ காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றரை மணிக்கு நான்கு பேரும் தனித்தனியாக வந்தார்கள். தனித்தனியாக வந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. கடைசியாக வந்தவர் விக்டோரியா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சீனியர் அசிஸ்டென்ட், சர்ச்சில் பாடுகிறவர். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

இரண்டாம் நாள் கதவருகே போய்க் காது கொடுத்தேன். தொம், தொம் என்று சத்தம். பிறகு நிசப்தம். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. யாரோ எதையோ இழுத்து நகர்த்தினார்கள். பீரோ என்று குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவர்கள் போன பிறகு வாசலில் குனிந்து பார்த்தேன். சிவப்பாக ஒரு துண்டு கிடந்தது. கையில் எடுத்தேன். அரக்கு.

அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு பெண்ணின் முப்பது வருட வேலை முடியப் போகிறது. எனக்கோ குஷியில் பசியே தெரியவில்லை.

3. கதவு திறந்தது

நான்காம் நாள் கேர்டேக்கரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே ஓடுகிற சத்தம். திறக்க நேரமானது. விக்டோரியாதான் திறந்தார். செருப்பில்லாத கால். சேலை முந்தானை இடுப்பில் சொருகியிருந்தது.

உள்ளே ரேக்குகளை ஒதுக்கி நடுவில் இடம் செய்திருந்தார்கள். தரையில் சாக்பீஸால் கட்டங்கள். சாவ்லா மேடம் ஐந்தாவது கட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் இன்னொரு காலைக் கீழே வைக்கவில்லை.

"என்ன இது?" என்றேன்.

"பாண்டி சார்" என்றார் விக்டோரியா. "நொண்டி அடிச்சு ஆடுவோம்லா, அது. இங்க இத ஸ்டாப்பூன்னு சொல்லுதாவ."

"கையில என்ன?"

விரித்துக் காட்டினார். வட்டமாகத் தட்டையாக ஓர் அரக்குத் துண்டு. "பழைய கவர்லேருந்து உதிர்ந்து கெடந்தது சார். சில்லுக்கு இதான் தோது. ஓடு வழுக்குது."

நான் நம்பவில்லை. பீரோவைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு கவராக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லா சீலும் முழுசாக இருந்தது. அப்போதும் நம்பவில்லை. நான் வருவது தெரிந்து கட்டம் போட்டிருக்கலாம். "ஆடிக் காட்டுங்க" என்றேன்.

சாவ்லா மேடம் துண்டை எறிந்தார். கோட்டைத் தொடாமல் விழுந்தது. ஐம்பத்தொன்பது வயதில், அந்தக் கனத்த உடம்போடு, எட்டுக் கட்டத்தையும் நொண்டியே கடந்து, குனிந்து எடுத்து, திரும்பி வந்தார். மூச்சு வாங்கியதே தவிர ஒரு கோட்டையும் மிதிக்கவில்லை. ஒரு நாள் நாடகத்துக்காக அதைக் கற்க முடியாது.

"எதுக்காக இதெல்லாம்?" என்று கேட்டேன். ரிப்போர்ட்டில் நோக்கம் என்று ஒரு கட்டம் உண்டு.

மேடம் யோசித்துப் பார்த்தார். "பஸ், ஐஸே ஹீ" என்றார். சும்மாதான்.

"அப்புறம் ஏன் தாழ்ப்பாள்?"

விக்டோரியாவுக்குக் கண் கலங்கியது. "என்ன சார் கேக்கிய? எனக்கு மருமகன் வந்தாச்சு. நான் நொண்டி அடிக்கத யாராவது பாத்தா என்ன சொல்லுவாவ? ஆபீஸே சிரிக்கும் சார்."

4. ரிப்போர்ட்

நோக்கம் என்ற கட்டத்தில் ஒரு மணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "சும்மா" என்று அரசாங்க ரிப்போர்ட்டில் எழுத முடியாது. உள்ளதை விவரமாக எழுதினால் பென்ஷன் போகாது, ஆனால் மானம் போகும். கடைசியில் எழுதினேன்: சீல்கள் பழுதின்றி உள்ளன. உணவு இடைவேளையில் அறை உடற்பயிற்சிக்குப் பயன்படுகிறது. புகாருக்கு ஆதாரமில்லை. கவர்கள் டைரக்டர் அறைக்கு மாற்றப்படலாம்.

டைரக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன உடற்பயிற்சி?"

அவரிடம் பொய் சொல்ல முடியவில்லை. "ஸ்டாப்பூ, சார்."

மேஜையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். "ஜீத்தா கௌன்?" ஜெயித்தது யார்?

அடுத்த வாரம் கவர்களை மாற்றும்போது சரிபார்ப்பு என்ற பெயரில் நானே ரெகார்டு ரூமுக்குப் போனேன். வேலை முடிந்தும், லஞ்ச் நேரத்தில் அவர்கள் வரும்வரை நின்றுகொண்டிருந்தேன். மேடம் துண்டை என்னிடம் நீட்டினார். ஷூவைக் கழற்றினேன். மூன்றாவது கட்டத்தில் தடுமாறினேன்.

"அவுட் சார்!"

"கோட்டை மிதிக்கல!"

"மிதிச்சிய சார், நான் பாத்தேன்."

"ஆதாரம் எங்க?" என்று கத்தினேன். நான்கு பெண்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் உண்மையாகவே கோபத்தில் இருந்தேன். பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அலுவலகத்தில் நான் கடைசியாக எப்போது சிரித்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

புதிதாக விஜிலன்ஸுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சீலைப் பாருங்கள், விடாமல் பாருங்கள். ஆனால் வளர்ந்தவர்கள் கதவைச் சாத்திக்கொள்வது தப்புக்காக மட்டும் இல்லை. சந்தோஷமாக இருப்பதற்கு வெட்கப்பட்டும் சாத்திக்கொள்கிறார்கள். அந்த வெட்கத்தை உண்டாக்குவது பெரும்பாலும் வெளியே நிற்கிற நம்மைப் போன்ற ஆட்கள்தான்.

அன்று நான் தோற்றேன். மறுநாள் ஒன்றரை மணிக்கு, காரிடாரில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மறுபடி போனேன்.