வகுக்காமல் விட்ட அடர்த்தி

இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஐம்பதுகளில், ரசாயனப் பட்டத்தோடு கொல்லங்கோட்டு மலையடிவாரத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் சேர்ந்தேன். ரப்பர் பாலை உறைய வைக்கும் கந்தக அமிலத்துக்குப் புதிய அளவு எழுதிக் கொடுத்தேன். புத்தகத்தில் இருந்தது எடைக் கணக்கு. அமிலமோ தண்ணீரைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனம். எடையை அடர்த்தியால் வகுத்தால்தான் குவளையில் அளக்க வேண்டிய அளவு கிடைக்கும். நான் வகுக்கவில்லை.

அமிலம் கலக்கும் மாரப்பன் தயங்கினார். "ஏனுங்க சார், வழக்கத்துக்கு ரெட்டிப்பா வருதுங்களே?"

"காலேஜுக்குப் போனது நீயா, நானா?" என்றேன்.

அந்த வாரத்து ரப்பர் ஷீட்டுகளெல்லாம் கறுத்துப் பிசுபிசுத்தன. "குடிச்சுட்டு அளந்தியா?" என்று திட்டி மாரப்பனை வேலையிலிருந்து நீக்கினார் மானேஜர். பக்கத்தில் நின்ற எனக்கு அதற்குள் என் பிழை புரிந்திருந்தது. வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை மாரப்பன் பெண்டாட்டி பிள்ளைகளோடு எஸ்டேட் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். "என் கணக்குன்னு ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

மூட்டையைக் கட்டியபடியே சொன்னார்: "நாஞ் சொன்னா ஆருங்க நம்புவாங்க?"

நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். மானேஜரின் அறை அங்கிருந்து நூறடிகூட இருக்காது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.