கிரீக் யோகர்ட்டுக்குப் பதிலாக வந்தது

1. மூன்றாவது விலையேற்றம்

அந்த வருடத்தில் மூன்றாவது முறையாக கிரீக் யோகர்ட் விலை ஏறிய அன்று, முதலாளி டப்பாவைக் கையில் பிடித்தபடி கிச்சனுக்குள் வந்தார். திருவண்ணாமலை கிரிவலப் பாதையை ஒட்டி இருந்த கஃபே அது. நான் அங்கே கிச்சன் இன்சார்ஜ். வெளிநாட்டுக்காரர்களும் பெங்களூரிலிருந்து வருகிறவர்களும்தான் பெரும்பாலும் சாப்பிடுவார்கள். காலையில் அதிகம் போவது பழமும் தேனும் போட்ட கிரீக் யோகர்ட் பவுல். யோகர்ட் பெங்களூரிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து வரும்.

"செல்விக்கா, இதுக்கு மேல இத வாங்க முடியாது. வேற ஏதாவது பண்ணுங்க" என்றார்.

தயிரைத் துணியில் கட்டி ஃப்ரிட்ஜில் தொங்கவிட்டேன். தண்ணீர் வடிந்து கெட்டியாக வந்தது. எங்கள் தொழிலில் அதை ஹங் கர்ட் என்பார்கள். ருசியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வடிந்த பிறகு பாதிதான் மிஞ்சும். பால் விலையும் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டு, "இதுவும் ஜாஸ்திதான்" என்றார் முதலாளி.

அப்போது அவருக்கு யாரோ மல்லாட்டைத் தயிரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். இந்த மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஊறவைத்து, தோல் எடுத்து, அரைத்து, பாலை வடிகட்டிக் காய்ச்சி உறை ஊற்றினால் நன்றாகவே உறையும். பச்சை வாசனை போகக் காய்ச்ச வேண்டும், அவ்வளவுதான். ஹங் கர்ட்டோடு பாதிக்குப் பாதி கலந்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

கலந்தது தவறில்லை. அது நல்ல சாப்பாடு. நான் சொன்னது ஒன்றுதான்.

"போர்டுல மல்லாட்டை சேர்ந்ததுன்னு எழுதிப் போட்டுடலாம் சார்."

"மல்லாட்டைன்னு எழுதினா எவன்க்கா இந்த விலை குடுப்பான்? கிரீக் யோகர்ட்டுன்னே இருக்கட்டும்."

2. மார்த்தாவின் தூக்கு

மார்த்தா ஜெர்மனிக்காரர். அறுபது வயதிருக்கும். வருடத்தில் பாதியை அடி அண்ணாமலையில் ஒரு வாடகை வீட்டில் கழிப்பார். முதல் முறை வந்தபோதே கிச்சன் வாசலுக்கு வந்து, வேர்க்கடலை உள்ளே போனால் தொண்டை அடைத்துவிடும் என்று கையால் கழுத்தைப் பிடித்துக் காட்டினார். பையிலிருந்து பேனா மாதிரி ஒரு ஊசியை எடுத்து, அப்படி ஆனால் உடனே தொடையில் குத்த வேண்டும் என்றார். அதன்பிறகு எது வந்தாலும் கேட்டுவிட்டுத்தான் ஸ்பூனைத் தொடுவார்.

"செல்வி, கடலை இல்லை?"

"இல்லம்மா, சாப்பிடுங்க."

கலவை ஆரம்பித்த அன்றே அவருக்கென்று வெறும் பால் தயிரை ஒரு சின்னத் தூக்குவாளியில் தனியாக எடுத்துவைத்தேன். ஸ்பூனும் தனி. முதலாளியிடமும், கவுன்ட்டரில் இருந்த பாஷா பாயிடமும் சொல்லி வைத்தேன். பாஷா பாய் எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், கணக்கும் இங்கிலீஷும் தெரிந்தவர். "கவலப்படாத செல்விம்மா, நான் பாத்துக்கறேன்" என்பார்.

ஒருநாள் மார்த்தாவின் கையில் பை இல்லை. ஊசி எங்கே என்று கேட்டேன். சிரித்தார்.

"இங்கே செல்வி இருக்கு. ஊசி வேண்டாம்."

எனக்கு அது பிடிக்கவில்லை. "கையிலயே வெச்சிக்கம்மா" என்றேன். தலையாட்டினார்.

3. பௌர்ணமி

பௌர்ணமிக்கு முந்தின நாளே பாதையை அடைத்துவிட்டார்கள். பால்காரரால் வர முடியவில்லை. பௌர்ணமியன்று காலையில் தூக்கு காலி. பெரிய பாத்திரத்தில் முந்தின நாள் கலந்த தயிர் மட்டும் இருந்தது.

முதலாளியும் பாஷா பாயும் கவுன்ட்டரில் இருந்தபோது போய்ச் சொன்னேன். "மார்த்தாம்மா வந்தா இன்னிக்கு யோகர்ட் கிடையாது. பழம் மட்டும் குடுங்க." இருவருமே சரி என்றார்கள்.

கூட்டம் தாங்கவில்லை. சுற்றி வந்தவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தபடி இருந்தார்கள். நான் தோசைக்கல்லை விட்டு நகர முடியவில்லை. பவுலெல்லாம் முதலாளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே நாற்காலி விழும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மார்த்தா தரையில் கிடந்தார். உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மேசைமேல் பவுலில் பாதி காலியாகியிருந்தது. அவர் இடுப்பைத் தடவினேன், பையைத் தேடினேன். ஊசி இல்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். அந்தக் கூட்டத்துக்குள் அது எப்படி வரும்? பாஷா பாயும் இன்னும் மூன்று பேரும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். நான் முன்னால் ஓடி, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்தினேன். ஜனங்கள் விலகத்தான் செய்தார்கள். ஆனால் விலகி நிற்கவும் இடம் வேண்டுமே. ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது என் கையைப் பிடித்திருந்த அவர் பிடி தளர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்றார்கள்.

நாங்கள் திரும்பி வந்தபோது அந்தப் பவுலும் பெரிய பாத்திரமும் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. கழுவியது முதலாளிதான்.

"வர்ற வழியில கடலை உருண்டை வாங்கித் தின்னிருக்காங்க. கேட்டா எல்லாரும் இதத்தான் சொல்லணும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான் போலீசில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். விசாரித்தவர் கேட்டார்.

"கவுன்ட்டர்ல அவங்க என்ன கேட்டாங்க, உங்க முதலாளி என்ன சொன்னாருன்னு நீங்க காதால கேட்டீங்களா?"

"இல்ல சார். நான் உள்ள இருந்தேன்."

பாஷா பாயிடம் கேட்டார். அவர் தரையைப் பார்த்தபடி, "கூட்டம் சார். கவனிக்கல" என்றார்.

4. தங்கை வந்தார்

இரண்டு வாரம் கழித்து மார்த்தாவின் தங்கை வந்தார். கஃபே திறந்துதான் இருந்தது. அன்று முதலாளி இல்லை. அக்கா உட்காரும் இடம் எது என்று கேட்டு அங்கேயே உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். அவர் இங்கிலீஷில் பேசியதை பாஷா பாய் எனக்குத் தமிழில் சொன்னார்.

"அக்கா ஏன் இப்படி அஜாக்கிரதையா இருந்தாங்கன்னு கேக்கறாங்க. சின்ன வயசுல இருந்து வீடே அக்காவுக்காக பயந்து பயந்து சமைச்சதாம். ஊசியையும் வீட்லயே வெச்சிட்டு, கண்டதயும் வாங்கித் தின்னு செத்துட்டாளேன்னு எனக்குக் கோவம்தான் வருது, அழுகை வரலங்கறாங்க."

நான் பாஷா பாயையே பார்த்தேன்.

"பாய், உங்களுக்குத் தெரிஞ்சத சொல்லுங்க" என்றேன்.

அவருக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள். அந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? எனக்கும் அது தெரியும். பாஷா பாய் அந்த அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தார். இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். பிறகு எனக்காகத் தமிழிலும் சொன்னார்.

"அவங்க கேட்டாங்க, செல்விம்மா. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ கேட்டாங்க. மத்தவங்க காதுல விழுந்துடும்னு, அதே யோகர்ட்தான், கடலை இல்லைன்னு முதலாளி சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். பில்லு போட்டுக்கிட்டே இருந்தேன்."

தங்கை மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. அது நிற்க வெகு நேரம் ஆனது. பாஷா பாயும் தலை நிமிரவில்லை.

அன்றைக்கே பாஷா பாய் அவரோடு ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். மறுநாள் அவருக்கு வேலை இல்லை. நானும் அங்கே இருக்கவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. கூப்பிடும்போதெல்லாம் நாங்கள் இருவரும் கோர்ட்டுக்குப் போய் வருகிறோம். முதலாளி ஜாமீனில் இருக்கிறார். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பாஷா பாய்க்கு நிலையான வேலை அமையவே இல்லை.

நான் இப்போது வேங்கிக்காலில் ஒரு கேன்டீனில் இருக்கிறேன். விலை கம்மியான பொருளைச் சேர்க்காமல் இந்தத் தொழில் நடக்காது. நானும் சேர்க்கிறேன். சேர்த்ததை எழுதி வைக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாப்பிட வந்தவர் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால், தெரியாது, சாப்பிடாதீர்கள் என்று சொல்லுங்கள்.