நிவேஸ் தூக்கிப்போன எரிகிண்ணங்கள்

அந்த மலைப் பள்ளத்தாக்கில் கணப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் நிவேஸைத் தெரியும். ஆனால் அக்டோபரில் முதல் உறைபனி விழும் காலைவரை அவள் நினைப்பு ஒருவருக்கும் வராது. அவளுடைய வயிற்றெரிச்சல் அங்கே தொடங்கும்.

மூக்குக்கண்ணாடிச் சட்டம் செய்யும் தொழிற்சாலையை இழுத்து மூடியபோது அவளுக்கு நாற்பது வயது. உடன் வேலை பார்த்தவர்கள் கீழே சமவெளியில் வேலை தேடிப் போனார்கள். நிவேஸ் ஒரு பயிற்சிக்குப் போய், சான்றிதழ் வாங்கி, பழைய வேன் ஒன்றைப் பிடித்து, கணப்புகளைச் சோதித்துச் சுத்தம் செய்யும் வேலையில் இறங்கினாள். விறகு பிளக்கத் தெம்பில்லாத வயதானவர்களே ஊரில் மிஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்கு வீடு விறகடுப்பு போய், பெல்லட் கணப்பு வந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை அதன் தலையில் கொட்டிப் பொத்தானை அழுத்தினால் போதும், தானே பற்றிக்கொள்ளும். தானே பற்றிக்கொள்வதால் தானே சுத்தமும் செய்துகொள்ளும் என்று பாதிப் பேர் நம்பினார்கள்.

மே மாதமே கூப்பிடுங்கள், அடுப்பும் ஆறிக் கிடக்கும், நானும் சும்மா இருப்பேன் என்று அவள் சொல்லாத வீடில்லை. எல்லோரும் பலமாகத் தலையாட்டுவார்கள். மே வந்ததும் தோட்டத்தில் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருப்பார்கள். பனி விழுந்த அன்று காலை ஊரே சேர்ந்து போன் அடிக்கும். போனை எடுப்பது அவள் புருஷன் தொரீனோ. முழங்கால் கெட்டு வீட்டோடு இருப்பவன், யாருக்கும் இல்லையென்று சொல்ல வாய் வராதவன். "நாளைக்கே வந்துடுவா" என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லிவிட்டு நிம்மதியாகக் காபி போடப் போய்விடுவான்.

போன வீட்டில் பொய் வேறு. குச்சியைத் தவிர வேறெதுவும் போடவில்லை என்று சத்தியம் செய்வார்கள். அடியில் குச்சி எரியும் இரும்புக் கிண்ணத்தைத் தூக்கினால் செர்ரிக் கொட்டை உருளும், மக்காச்சோளம் கருகிக் கிடக்கும். ஒரு வீட்டில் சட்டைப் பொத்தானே இருந்தது. அது எப்படி வந்ததென்று தெரியவில்லையே என்று அந்த வீட்டுக்காரர் அவளையே பார்த்தார், அவள்தான் கொண்டுவந்து போட்டமாதிரி.

இத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். தாங்க முடியாதது மேட்டுத் தெருவில் வில்மா வீடு.

வீடு ஒன்று, குடித்தனம் இரண்டு. கீழே வில்மா, மேலே அவள் தம்பி எர்மெஸ். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது, இருவரும் தனி ஆள். அம்மா செத்த அடுத்த வாரம் முற்றத்து வாதுமை மரத்தை எர்மெஸ் தன்னிஷ்டத்துக்கு வெட்டிச் சாய்த்தான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், மற்றவர் கைப்பிடியைப் பார்ப்பார்.

அவர்கள் பேசாமல் இருப்பதில் நிவேஸுக்கு ஒன்றுமில்லை. புகைபோக்கிதான் பிரச்சினை. இரண்டு கணப்புக்கும் தனித்தனிக் குழாய், ஒரே கல் கூண்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஏறிப் போகும். சாம்பலும் கரியும் வாரும் சின்னக் கதவுகள் இரண்டும் வில்மாவின் நிலவறையில். குழாயின் உச்சிக்குப் போக எர்மெஸின் பரண் வழியாகத்தான் கூரைக்கு ஏற வேண்டும். வெளியே ஏணி வைக்கலாமென்றால் வீட்டின் ஒரு பக்கம் கிடுகிடு சரிவு. ஆகவே ஒருவர் குழாயைச் சுத்தம் செய்யவும் இருவர் கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். அந்த ஒரே நேரம் வரவே வராது. வில்மா நிலவறையைத் திறந்துவைத்தால் எர்மெஸ் காளான் பறிக்கக் காட்டுக்குப் போயிருப்பான். எர்மெஸ் பரணைத் திறந்துவைத்தால் வில்மா நிலவறைச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போயிருப்பாள். நிவேஸ் கணப்பின் உட்புறத்தை மட்டும் சுத்தம் செய்து, குழாய் பாக்கி என்று இருவரிடமும் எச்சரித்துவிட்டு, புலம்பிக்கொண்டே வேனில் ஏறுவாள்.

அந்த வருஷம் பனி விழுந்த அன்றே வில்மா போன் செய்தாள். கணப்பு பற்றிக்கொள்கிறது, கொஞ்ச நேரத்தில் கீச்சென்று கத்தி அணைந்துபோகிறது, அறைக்குள் புகை வருகிறது. மேலே இருக்கிறவன் குழாய்க்குள் எதையோ போட்டு அடைத்துவிட்டான் என்றாள். நிவேஸ் போய்ப் பார்த்தாள். குழாய் உச்சியில் நன்றாக அடைத்திருந்தது. கீழிருந்து தூரிகையைக் கம்பு கோத்து ஏற்றினால் வளைவைத் தாண்டி மெத்தென்று எதிலோ முட்டி நின்றது. தள்ளத் தள்ள இறுகியது. மேலேயிருந்து எடுத்தால்தான் உண்டு.

மாடிக்கு ஏறி எர்மெஸிடம் பரணைத் திறக்கச் சொன்னாள். அவன் மேசையில் களியும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், எழுந்திருக்கவில்லை.

"என் குழாய்க் கதவ அவ திறந்துவிட்டாளா ரெண்டு வருஷமா? மொதல்ல அதக் கேட்டுட்டு வா."

நிவேஸ் கீழே இறங்கினாள். வில்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "என் குழாயில போட்டத மொதல்ல அவன் எடுக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

மறுபடி மேலே, மறுபடி கீழே. இவன் சொன்னதை அவளிடம், அவள் சொன்னதை இவனிடம். கடைசித் தடவை இறங்கும்போது, வில்மா அடுப்பு அணைந்த குளிர் தாங்காமல் பொத்தானை மறுபடி அழுத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவின் விளிம்பிலிருந்து மெல்லிய புகை கசிந்தது.

நிவேஸ் எட்டிக் கணப்பின் பிளக்கைப் பிடுங்கினாள். இந்தப் புகையில் வாசனையில்லாத விஷம் இருக்கிறது, தூங்குகிறமாதிரியே ஆள் போய்விடும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம். ஜன்னல்களைத் திறந்துவைத்து, கணப்பு ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, எரிகிண்ணத்தைக் கழற்றி வாளியில் போட்டாள். மாடிக்கு ஏறி, காலையிலிருந்து பற்றவைக்காத எர்மெஸின் கணப்பைத் திறந்து அதன் கிண்ணத்தையும் கழற்றினாள். அவன் முள்கரண்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத எங்க கொண்டுபோற?"

"என் வேனுக்கு. ரெண்டு கதவும் ஒண்ணாத் திறக்குற அன்னிக்கு, ரெண்டு கிண்ணமும் திரும்பி வரும். அதுவரைக்கும் மின்சார ஹீட்டர் போட்டுக்குங்க."

வீட்டுக்கு வந்து சொன்னபோது தொரீனோவுக்கு முகம் வெளிறிப்போனது. அடுத்தவர் பொருளைத் தூக்கிவந்திருக்கிறாயே, கேஸ் போட்டால் என்ன செய்வாய் என்றான். போடட்டும், காவல் நிலையத்திலாவது ஒரே அறையில் உட்காருவார்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் இரவில் எழுந்து வேனுக்குப் போய் அந்த வாளியை இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தாள். பதினான்கு வருஷத்தில் யார் வீட்டிலிருந்தும் ஒரு திருகாணியைக்கூட அவள் எடுத்ததில்லை. வில்மாவின் மூட்டுவலியும் நினைவுக்கு வந்தது. கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்று தோன்றும், அந்தப் புகை கண்முன் வரும், பேசாமல் இருந்துவிடுவாள்.

ஊரில் பேச்சு பரவியது. மதுக்கடையில் சிலர் சிரித்தார்கள். ஒருவர் தன் வீட்டுக் கணப்பைச் சோதிக்க வரவேண்டாமென்று சொல்லியனுப்பினார்.

நான்காம் நாள் காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். நிலையத் தலைவர் வெளியூர்க்காரர், பொறுமையான மனிதர். நிவேஸ் உள்ளே நுழைந்தபோது சுவரோரப் பெஞ்சில் வில்மாவும் எர்மெஸும் உட்கார்ந்திருந்தார்கள். எர்மெஸின் ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி வெகு நாளாயிற்று. பேருந்தும் அந்த நேரத்துக்குக் கிடையாது. வில்மாவின் காரில்தான் அவன் வந்திருக்க முடியும். மலையிலிருந்து அவ்வளவு தூரம் இரண்டுபேரும் ஒரே காரில்.

இருவரும் மாற்றி மாற்றிக் குற்றம் சாட்டினார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்தார். "கேக்காம கொள்ளாம எடுத்துட்டுப் போயிட்டா" என்றாள் வில்மா. "மரியாதையே தெரியாது" என்றான் எர்மெஸ். "இவ எப்பவுமே அப்படித்தான்" என்றாள் வில்மா, தம்பியைப் பார்த்து.

நிவேஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தான் எடுத்தது தப்புதான் என்று நிலையத் தலைவரிடம் ஒப்புக்கொண்டாள். புகை கசிந்ததையும் சொன்னாள். அவர் பேனாவை வைத்துவிட்டு அக்கா தம்பி இருவரையும் நிமிர்ந்து பார்த்தார். கிண்ணம் இப்போதே கைக்கு வர வேண்டுமா, நாளைக் காலை கணப்பிலேயே பொருத்தித் தந்தால் போதுமா என்று கேட்டார். அக்காவும் தம்பியும் கூடிக் குசுகுசுத்தார்கள். நாளைக் காலையே போதும் என்றான் எர்மெஸ், ஏதோ பெரிய சலுகை தருவதுபோல.

மறுநாள் இரண்டு கதவும் திறந்திருந்தன. நிவேஸ் பரண் வழியாகக் கூரைக்கு ஏறி, குழாயின் மூடியைக் கழற்றினாள். பறவை நுழையாமலிருக்கக் கட்டிய வலை கிழிந்து, உள்ளே புகைபோக்கியில் குடியேறும் சிறு காக்கை இனத்தின் கூடு. சுள்ளி, ஆட்டு ரோமம், யாரோ கொடியில் உலர்த்திய காலுறை ஒன்று. வசந்தத்தில் கட்டியது, மே மாதமே பார்த்திருந்தால் ஒரு கைப்பிடிச் சுள்ளியோடு போயிருக்கும். கூட்டை வாளியில் அள்ளிக் கீழே கொண்டுபோய் முற்றத்தில் கவிழ்த்தாள். தம்பி எதையும் போடவில்லை என்பதை வில்மா கண்ணால் பார்த்தாள், சிதறிய சுள்ளியைக் காலால் ஒதுக்கினாள். அடுத்து எர்மெஸின் குழாயைத் தேய்க்க, நிலவறைக் கதவு வழியாகக் கரி வாளி வாளியாக இறங்கியது. அவன் முற்றத்தில் நின்று ஒவ்வொரு வாளியையும் எண்ணினான்.

மன்னிப்பு, நன்றி எதையும் நிவேஸ் எதிர்பார்க்கவில்லை. புகை கசியாமல் கணப்புக் கதவின் விளிம்பில் பதித்திருக்கும் கயிற்றைப் புதிதாக மாற்றி, கிண்ணங்களைப் பொருத்தி, இரண்டையும் பற்றவைத்துப் பார்த்தாள். சுடர் நிமிர்ந்து நின்று எரிந்தது. கடைசியாகப் புது வலை கட்ட மறுபடி கூரைக்கு ஏறினாள்.

வெயில் வந்திருந்தது. கீழே முற்றத்தில் அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். குளிர்க்காற்றில் பேச்சு அப்படியே மேலே வந்தது.

"ஒரு வலை கட்ட எவ்வளவு நேரம் பாரு" என்றான் எர்மெஸ்.

"இவ அம்மாவும் இப்படித்தான். ஒரு வேலைய எடுத்தா அன்னிக்குப் பொழுது போயிரும்" என்றாள் வில்மா.

அதிலிருந்து நிவேஸின் அம்மா, அவள் சித்தி, தொரீனோவின் முழங்கால், வேனின் சத்தம் என்று பேச்சு வளர்ந்துகொண்டே போனது. எத்தனையோ வருஷம் பேசாமல் சேர்த்துவைத்ததையெல்லாம் அவள் தலையில்தான் கொட்டினார்கள். ஒரு விஷயத்தில்கூட ஒருவரை ஒருவர் மறுக்கவில்லை.

தன் அம்மா அந்தத் தெருவிலேயே வேகமான கைக்காரி என்று கத்தவேண்டும்போல நிவேஸுக்கு வந்தது. கத்தவில்லை. கம்பியை இன்னொரு சுற்றுச் சுற்றி, முறுக்கி, வேண்டுமென்றே மெதுவாக வேலையை முடித்தாள்.