மஞ்சள் கப்பில் லெமன் டீ

09.06.2024 — ரூ. 640
12.06.2024 — ரூ. 90
15.06.2024 — ரூ. 90
18.06.2024 — ரூ. 1,800
22.06.2024 — ரூ. 90

முதல் தொகை, விருத்தாசலம் பைபாஸில் புதிதாகத் திறந்த பழங்காலப் பாணி ஓட்டலில் தங்கராசு கொடுத்தது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவன், அம்மா அம்சவல்லியை முதன்முதலாக ஏற்றிக்கொண்டு அங்கேதான் போனான். வண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை. கார்க் கதவில் தட்டை மாட்டி, அந்தக் கால ரேடியோவில் பாட்டுப் போட்டு, தோசை கொடுத்தார்கள். கடைசியில் மஞ்சள் கப்பில் லெமன் டீ வந்தது.

அம்சவல்லி கப்பைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். டீ முழுதும் மடியில் கொட்டியது.

"ஏம்மா, சுடலையா?"

"நீ வாயில வெக்காத. கீழ ஊத்து."

அந்த மஞ்சளைக் கலந்தவள் அவள்தான். செராமிக் யூனிட்டில் பளபளப்புப் பூச்சுக் கலக்கும் வேலை, இருபத்தெட்டு வருடம். 1994-இல் ஒரு கண்காட்சிக்காக நாற்பத்தெட்டு கப்புகளுக்கு ஈயம் சேர்ந்த மஞ்சள் பூசினார்கள். அது பார்வைக்கு மட்டும்; புளிப்புப் பட்டால் ஈயம் இறங்கும், விஷம். எனவே சூளைக்குப் போகும்முன் ஒவ்வொன்றின் அடியிலும் நீலச் சாயத்தால் பெருக்கல் குறி போட வேண்டும். அன்றைக்குச் சாயம் காய்ந்து கிடந்தது. பெண்ணாடம் பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. அவள் பென்சிலால் போட்டாள். பென்சில் சூளையில் எரிந்துபோகும் என்பது கப்புகள் வெறும் அடியோடு வெளியே வந்தபோதுதான் உறைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. தனக்கென்று ஒன்றை எடுத்துவந்து பொத்தான் போட்டு வைத்தாள். யூனிட் மூடியபோது மற்றவை பழைய சாமான் கடைக்குப் போயின; அங்கிருந்துதான் ஓட்டலுக்கு வந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை தொண்ணூறு ரூபாய் வாடகைக்குத் தனக்கோடியின் ஆட்டோவில் ஓட்டலுக்குப் போனாள். வண்டி இல்லாமல் வருபவர்களை உள்ளே விடுவதில்லை.

"ஆட்டோவுக்கும் தட்டு மாட்டுவாங்களா அக்கா? அப்ப எனக்கும் ஒரு வடை சொல்லு," என்றான் தனக்கோடி.

ஓட்டல்காரர் கோகுலகிருஷ்ணன் தானே வந்து குனிந்தார். "சொல்லுங்க ஆயா."

"இந்த மஞ்சக் கப்புல ஈயம் இருக்குது தம்பி."

"யாரு சொன்னா?"

"கேள்விப்பட்டேன்."

"கேள்விப்பட்டதுக்கெல்லாம் கப்ப ஒடச்சா, நான் கொட்டாங்குச்சியிலதான் டீ குடுக்கணும். பேப்பர் கொண்டாங்க, பாக்கலாம்."

சனிக்கிழமையும் போனாள். அதே பதில். செவ்வாய்க்கிழமை பொத்தான்களைக் கொட்டிவிட்டு, ஆயிரத்தெண்ணூறு ரூபாய் கட்டி வீட்டுக் கப்பைச் சென்னைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினாள். உடையாமல் வந்து சேர்ந்தது, முடிவு சொல்ல மூன்று வாரமாகும் என்று முதல் கடிதம் வந்தது.

மூன்று வாரம் பொறுக்க அவளால் முடியவில்லை. சோறு அடிப்பிடித்தது. குழாயைத் திறந்துவிட்டு மறந்தாள். லெமன் டீ, லெமன் டீ என்று பைபாஸ் பக்கமே மனம் ஓடியது.

இருபத்திரண்டாம் தேதி மீண்டும் ஆட்டோ. பக்கத்துக் காரில் ஒரு கர்ப்பிணிப் பெண். அவள் கையில் மஞ்சள் கப்பு, உதடு வரைக்கும் போய்விட்டது. அம்சவல்லி இறங்கி ஓடி, கப்பைப் பிடுங்கித் தரையில் ஊற்றினாள்.

"கெழவிக்குக் கிறுக்கா?" என்று அந்தப் பெண்ணின் புருஷன் கதவைத் திறந்தான்.

கோகுலகிருஷ்ணன் ஓடி வந்தார். "ஆயா, மரியாதையா வூட்டுக்குப் போங்க."

"போறேன் தம்பி. பேப்பரு வர மூணு வாரமாவும். நான் கேள்விப்படல. நான்தான் அந்த மஞ்சளக் கலந்தேன். குடிக்கக் கூடாதுன்னு அடியில குறி போட வேண்டியவளும் நான்தான். பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல பென்சில்ல போட்டுட்டேன். முப்பது வருசமா வாயத் தொறக்கல."

எல்லாக் கார்களிலும் கேட்டது. இரண்டு கார்கள் டீயைத் தொடாமல் கிளம்பின. கோகுலகிருஷ்ணன் மஞ்சள் கப்புகளையெல்லாம் சாக்கில் போட்டு ஆட்டோவில் ஏற்றினார்.

"எண்ணிக்குங்க, நாப்பத்தேழு. பேப்பர்ல ஈயம் இல்லன்னு வந்துச்சுன்னா, இத்தன பேரு முன்னால வந்து திருப்பிக் குடுக்கணும்."

சாக்கு கட்டிலடியில் கிடந்தது. தபால்காரர் சைக்கிள் தெருமுனை திரும்பும்போதெல்லாம் வாசலுக்கு வந்தாள். ஈயம் இருந்தால் பாவி, இல்லாவிட்டால் கிறுக்கி. எது வர வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

தங்கராசு கடிதத்தை வாசித்துக் காட்டினான்: ஈயம், அனுமதித்த அளவைப்போல ஒன்பது மடங்கு. அவள் சாக்கை வெளியே இழுத்து, சுத்தியலை எடுத்தாள். நாற்பத்தேழையும் உடைத்து முடிக்க முக்கால் மணி நேரமானது. அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 11.07.2024, வியாழக்கிழமை.