முத்தட்டும்

போன வாரம் என் வலக் கண்ணில் புரை எடுத்தார்கள். காலையில் போனேன், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன். "இன்னும் கொஞ்சம் முத்தட்டுமே டாக்டர்" என்று இழுத்துப் பார்த்தேன். பேத்தி வயதுப் பெண் அவள். "முத்தறதுக்கு இது என்ன தேங்காயாம்மா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஸ்பிரிட் வாசனை வேறு என்னைப் பொன்னேரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு கண் டாக்டரிடம் நர்ஸாக இருந்தேன். நர்ஸ் என்பது மரியாதைக்கு. பஞ்சு வேகவைப்பது முதல் அழுகிற பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வது வரை எல்லாம் நான்தான். அறுவடையில் நெல் தூசு பட்டுப் புண்ணான கண்கள் வரும். எண்ணூர்ப் பக்கமிருந்து வெல்டிங் பொறி பட்டவர்கள் வருவார்கள். தாய்ப்பால், தழைச்சாறு எல்லாம் ஊற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் எங்களிடம். டாக்டர் கத்துவார். கத்திக்கொண்டே பூப்போலக் கழுவிவிடுவார். மாலைக்கண் பிள்ளைகளுக்கு மருந்தோடு அவர் வீட்டு முருங்கைக் கீரையும் உண்டு. பறித்துக் கட்டுவது யார் என்று கேட்காதீர்கள்.

புரைக்கு மட்டும் ஒரே பதில்: "முத்தட்டும், அப்புறம் வா." அந்தக் காலத்து முறை அது. முற்றாத புரையை எடுத்தால் ஒழுங்காக வராது என்பார்கள்.

பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கிற கன்னியப்பன், மனைவி செங்கேணியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவளுக்கும் அதே பதில்தான். அடுத்த கோடையில் புரை முற்றி ஆபரேஷன் ஆயிற்று. இரண்டு கண்ணிலும் கட்டு, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை, அசையக் கூடாது. கன்னியப்பன்தான் கஞ்சி புகட்டினார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டதும் அவரைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை: "இன்னாய்யா, இம்மாம் நரைச்சிப் போயி கீற!" வார்டே சிரித்தது.

சில வருஷம் கழித்து மறுபடி வந்தார்கள். இந்த முறை அவள் அவர் கையைப் பிடித்திருந்தாள். அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்கும் பொரைதான் டாக்டரய்யா. ஓரமெல்லாம் மங்கிக்கினே வந்துச்சி. நீங்க இவளுக்குச் சொன்னாப்பல நானும் காத்துக்கினு இருந்தேன். இப்போ சுத்தமா இருட்டிப்போச்சி. நல்லா முத்திடுச்சி, அறுத்துடுங்க."

டாக்டர் இமைமேல் விரல் வைத்து அழுத்திப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. டார்ச்சை எடுத்து ஒவ்வொரு கண்ணாக அடித்தார். "வெளிச்சம் எந்தப் பக்கம் வருது, சொல்லு."

கன்னியப்பன் முகத்தை நீட்டிக்கொண்டு பொறுமையாக இருந்தார். "போடுங்க டாக்டரய்யா, சொல்றேன்."

டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது. செங்கேணி அதைத் தன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அது புரையே இல்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துப் போயிருந்தது. மங்கத் தொடங்கியபோதே வந்திருந்தால் மிச்சப் பார்வையையாவது காப்பாற்றியிருக்கலாம். டாக்டர் அதைச் சொல்லவில்லை. "இதுக்கு ஆபரேஷன் கிடையாதுப்பா" என்றார்.

"அப்போ இன்னும் முத்தணுமா?" என்று கேட்டார் கன்னியப்பன். நான் பஞ்சு எடுக்கிற சாக்கில் உள்ளே போய் அழுதேன்.

அதற்கப்புறம் டாக்டர், புரைக்காரர்களுக்குத் துணையாக வருகிறவர்களின் கண்ணையும் அழுத்திப் பார்க்காமல் அனுப்பியதில்லை. கன்னியப்பனுக்கு அதனால் என்ன?

டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் செல்போன் கடை. மணல் மூட்டையும் சோடாபுட்டியும் ஒழிந்தன. கட்டுப் பிரித்ததும் எனக்கு எதிர்ச்சுவர் காலண்டரின் பொடி எழுத்துவரை தெரிந்தது. கன்னியப்பன் அத்தனை காலம் காத்திருந்தது இந்தப் பார்வைக்குத்தான். இப்போது எந்தக் கண்ணாஸ்பத்திரியிலும் "முத்தட்டும்" என்று யாரும் சொல்வதில்லை. அவர் காதில் விழுவதற்கு முன்பே அந்தச் சொல் ஒழிந்திருக்கக் கூடாதா?