குமிழ் இல்லாத றேடியோவும் என் தங்கை பெற்றிசியாவும்

என் தங்கை பெற்றிசியாவைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கலாம். உள்ளதை உள்ளபடி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் தலைமன்னாரிலிருந்து சிலாவத்துறை வரைக்கும் படகு எஞ்சின் வைத்திருக்கிற எவரையும் கேளுங்கள், எட்வேட் யார் என்று சொல்வார்கள். உப்புக்காற்றில் செத்துப்போன றேடியோக்கள் எத்தனையோ இந்தக் கையில் உயிர்த்திருக்கின்றன. ஒருவரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. கழற்றிப் பார்த்தேன், விளங்கியது. விளங்காததை மறுபடியும் கழற்றினேன்.

பெற்றிசியா தையல்காரி. நாங்கள் அகதியாக மண்டபம் முகாமில் இருந்த காலத்தில் ஒரு கன்னியாஸ்திரியிடம் மெஷின் மிதிக்கப் பழகினாள். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் பாயும் பானையும் கொண்டுவந்தார்கள். அவள் தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படகில் இருந்தாள். நடுக்கடலில் அலை எழும்பியது.

"தங்கச்சி, பாரம் கூடிப்போச்சு. அந்த இரும்பைக் கடலில போடு" என்றான் படகுக்காரன்.

"உங்கட எஞ்சினும் இரும்புதானே அண்ணை. முதல்ல அதைப் போடுங்கோ, பிறகு நான் போடுறன்" என்றாள்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாய் அப்படி. கோயில் பீடத்து விரிப்பும் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையும் அந்த மெஷினில் தைத்துத்தான் வீட்டைக் கட்டினாள்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். றெனால்ட் கப்பலில் றேடியோ ஒப்பீசராக இருந்தவன். வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகும் அவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு வயர்த் துண்டு வைத்திருந்தாலே விசாரணைதான். எல்லாம் அடங்கிய பிறகு அவன் முறைப்படி அனுமதி எடுத்து, கூரைக்கு மேல் கம்பி இழுத்து, பொழுதுபோக்கு றேடியோக்காரன் ஆனான். ஞாயிறு காலையில் முதல் பூசை முடிந்ததும் நாட்டின் நாலு பக்கத்திலும் இருக்கிற அப்படியான றேடியோக்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். அதை நெற் என்பார்கள். ஒருவர் பெயர் கூப்பிட மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பதில் சொல்வார்கள். புயல் வெள்ளம் வந்து போன் எல்லாம் விழுந்தாலும் இந்த வழி திறந்திருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் பழக்கம். பெயர் கூப்பிடுகிற பொறுப்பு நெடுங்காலமாக றெனால்டிடம்தான் இருந்தது. கப்பலை விட்டு இறங்கிய மனிதனுக்கு மிஞ்சியிருந்த மரியாதை அது ஒன்றுதான்.

அது கைவிட்டுப் போகப் பார்த்தது. றெனால்டுக்குக் காது கொஞ்சம் மந்தம். இந்த வகை றேடியோவில் ஒவ்வொருவருடைய குரலும் ஒரு மயிரிழை விலகி வரும். அந்த விலகலைத் திருத்திப் பிடிக்காவிட்டால் தாரா வாத்துக் கத்துவதுபோல இருக்கும். அவன் பிழையாகப் பிடித்து, திருகோணமலைக்காரரை மாத்தறைக்காரர் என்று கூப்பிட்டு, சிரிப்பாய்ப் போனது. காதுக்குக் கருவி போடச் சொன்னால் கோபம் வரும். பிறகு பழைய செட் பழுதாகி, அந்த இடத்துக்கு ஒரு புதுப் பெட்டி வந்தது. வந்த நாளிலிருந்து சில ஞாயிறு நல்லாய்ப் போனது, சில ஞாயிறு குழம்பியது. பொறுப்பைப் பங்கிடுகிற வவுனியா சரவணமுத்து மாஸ்டர், "வாற ஞாயிறு நான் கேட்டுக்கொண்டிருப்பன். சரிவராட்டி வேற ஆளிட்டக் குடுப்பம்" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெட்டியை நான் முதல் பார்வையிலேயே நம்பவில்லை. முகமே இல்லாத கறுப்புப் பெட்டி அது. குமிழ் இல்லை, முள் இல்லை, எண் காட்டுகிற கண்ணாடி இல்லை. எல்லாம் லப்டொப் திரையில் படமாக இருந்தன. ஒரு குமிழைத் திருப்பினால் அதன் மறுமுனையில் என்ன திரும்புகிறது என்று எனக்குத் தெரியும். குமிழின் படத்தைத் திருப்பினால் அது எங்கே போய், யாரிடம் கேட்டு, என்ன செய்துவிட்டு வருகிறது?

என் சந்தேகம் வீண் இல்லை என்பதை ஒரு நாள் கண்ணால் கண்டேன். றெனால்ட் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தான். இரண்டு கையும் மடியில் இருந்தன. திரையில் இருந்த எண் மெல்ல நகர்ந்தது. தாராக் குரல் மனிதக் குரலானது.

"மச்சான், இப்ப ஆர் அதை நகத்தினது?" என்றேன்.

"அது சொப்ட்வெயர் மச்சான். தானாப் பிடிக்கும். உங்கட பழைய குமிழ்ச் செட் இப்பிடிச் செய்யுமோ?"

"தானா நகருற பொருளை நான் நம்பமாட்டன். நீ கப்பலில இருந்தனி, உனக்குத் தெரியாதே?"

"பொறாமை மச்சான் உங்களுக்கு" என்று சிரித்தான்.

எட்வேட்டுக்குப் பொறாமையா! நான் நேரே மன்னார் ரவுனுக்குப் போய், அந்தப் பெட்டியைக் கம்பியூட்டரில் பூட்டிக் கொடுத்த டிலுக்சனைப் பிடித்தேன். உப்புக்குளத்தில் கடை வைத்திருக்கிறான்.

"இல்லை ஐயா, தானா நகராது. ஆராவது நகத்தினாத்தான் நகரும்" என்றான்.

"ஆர்?"

"அந்த வீட்டு வைஃபைக்குள்ள நிக்கிற ஆரும் நகத்தலாம். திறந்து விட்டால் கனடாவில இருந்தும் நகத்தலாம்."

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அவர்கள் வீட்டுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் நேவிக் காம்ப் இருக்கிறது. பக்கத்து வளவில் புதிதாக வாடகைக்கு வந்தவர்கள் யார் என்றே தெரியாது. எங்கள் வயதுக்காரர் எத்தனை பேர் ஒரு றேடியோவுக்காகப் பதில் சொல்லிக் களைத்தவர்கள்! றெனால்டின் பெட்டியை வேறு ஒருவன் பிடித்து வைத்திருக்கிறான், இவன் அதை மெச்சிக்கொண்டு இருக்கிறான். நாளைக்கு அந்தப் பெட்டி ஏதாவது வில்லங்கத்தில் மாட்டினால் கையெழுத்து வைத்தவன் றெனால்ட்தானே?

சரவணமுத்து மாஸ்டர் சொன்ன ஞாயிறு வந்தது. பூசை முடிந்த கையோடு என் சொந்தச் செட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கனத்த குமிழ் வைத்தது. நானே துரு எடுத்துப் பூட்டிய செட். கூரைக் கம்பி வயரைக் கறுப்புப் பெட்டியிலிருந்து கழற்றி அதில் கொழுவினேன். லப்டொப்பை மூடினேன்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த பெற்றிசியா ஓடிவந்தாள்.

"அண்ணை, என்ன வேலை பாக்கிறியள்? இண்டைக்கு மட்டும் விடுங்கோ!"

"ஏன், இண்டைக்கு என்ன?"

"சொன்னாக் கேளுங்கோவன். அடுத்த கிழமை உங்கட பெட்டியைக் கொண்டுவந்து தலையில வைச்சுக்கொண்டு ஆடுங்கோ."

அவளுடைய முகத்தில் பயம் இருந்தது. இவளுக்கு என்ன தெரியும்? எதை மறைக்கிறாள்? என் சந்தேகம் அவள் பக்கமும் திரும்பியது. நான் விடவில்லை. றெனால்டுக்கும் கப்பல் ஞாபகம் வந்திருக்க வேண்டும், குமிழைத் தடவிப் பார்த்து, "நல்ல பாரம் மச்சான். இருக்கட்டும்" என்றான்.

நெற் தொடங்கியது. முதல் ஆள் வந்தார். தாரா கத்தியது. றெனால்ட் குமிழை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான், குரலைக் கடந்து போய்விட்டான். எனக்குக் கேட்டது, எங்கே நிறுத்த வேண்டும் என்று விளங்கியது. கையை நீட்டினேன். தட்டிவிட்டான்.

"என்ர நெற்றில கை வைக்காதேங்கோ!"

இரண்டாவது ஆளுக்கு மூன்றாவது ஆளின் பெயரைச் சொன்னான். ஒருவர் சிரித்தது கேட்டது. பிறகு சரவணமுத்து மாஸ்டரின் குரல் கட்டையாக வந்தது. அது என் காதுக்கு விளங்கியது, அவனுக்கு விளங்கவில்லை. "றெனால்ட், இனிக் காணும், வேற ஆளிட்டக் குடுப்பம் எண்டு நினைக்கிறன்" என்றார் அவர். றெனால்ட் என்னைப் பார்த்தான். "என்னவாம்?" என்று கேட்டான்.

பெற்றிசியா கையில் துருவிய தேங்காய்ப்பூ ஒட்டியபடி வந்தாள். என்னைத் தோளால் இடித்துத் தள்ளினாள். என் செட்டிலிருந்து வயரைப் பிடுங்கிக் கறுப்புப் பெட்டியில் பூட்டினாள். லப்டொப்பைத் திறந்து அவனுக்குப் பக்கத்தில் கதிரை இழுத்துப் போட்டு இருந்தாள். திரையில் ஒவ்வொரு குரலும் மஞ்சள் பட்டையாக மேலிருந்து வழிந்தது. அவள் ஒரு விரலால் பட்டையின் ஓரத்தை ஒரு கோட்டுக்கு நேரே கொண்டுவந்தாள். குரல் தெளிந்தது.

றெனால்ட் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயோ?" என்றான்.

"ஓம், நான்தான். இந்தப் படம் போனிலயும் வரும், குசினியில அதை மாச்சட்டியில சாத்தி வைச்சுக்கொண்டு செய்தனான். நீங்கள் பேசுற பக்கத்தைத் தொடயில்லை, கேக்கிற பக்கத்தை மட்டும்தான்."

"அப்ப குழம்பின ஞாயிறுகள்?"

"கோயிலில பாட்டுப் பயிற்சி இருந்த ஞாயிறுகள்."

"உனக்குக் குரல் பிடிக்க எப்பிடித் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"எனக்குக் கேக்கவே தேவையில்லை அண்ணை. கரை கோட்டில நிண்டாச் சரி. வெட்டின துணியைச் சோக்குக் கோட்டில வைக்கிற மாதிரித்தான். உங்கட குமிழில கரை எங்க தெரியுது, சொல்லுங்கோ?"

அதற்குச் சொல்ல இருந்தது, ஆனால் முதலில் என் செட்டைச் சாக்கில் சுற்ற வேண்டியிருந்தது.

றெனால்டின் முகம் கறுத்திருந்தது. கம்பியூட்டரை மெச்சிக்கொண்டிருந்த மனிதன். எழும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் மைக்கை எடுத்தான். "மாஸ்டர், கொஞ்சம் பொறுங்கோ. எனக்குக் காது மட்டு. இவ்வளவு நாளும் குசினியில இருந்து குரல் பிடிச்சுத் தந்தது என்ர மனிசி. இப்ப பக்கத்தில இருக்கிறா. முதலில இருந்து திரும்பக் கூப்பிடுறன். பிழைச்சா நீங்கள் எடுங்கோ" என்றான்.

"கூப்பிடும், பாப்பம்" என்றார் மாஸ்டர்.

முதலாமவரிலிருந்து கூப்பிட்டான். அவள் விரல் நகர, அவன் பெயர் சொல்ல, கடைசி ஆள் வரைக்கும் ஒரு பிழை வரவில்லை. முடிந்ததும் மாஸ்டர், "அடுத்த ஞாயிறும் நீரே கூப்பிடும். ஆனா அக்காவைக் குசினிக்கு விடாதையும்" என்றார்.

அது நடந்து சில மாதங்களாகிறது. ஊரில் நான் பிழையாகச் சந்தேகப்பட்டேன் என்று கதைக்கிறார்கள். என்ன பிழை? ஆரோ கை வைக்கிறார்கள் என்றேன், கை வைத்தது உண்மைதானே! பெற்றிசியா இப்போது தானும் அனுமதிச் சோதனை எடுக்கப் பெயர் கொடுத்திருக்கிறாள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் புத்தகம் திறந்தபடி கிடக்கிறது.

போன கிழமை றெனால்ட் என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மெல்லக் கேட்டான். "மச்சான், இவள் பாஸ் பண்ணினா என்ர ஞாயிறையும் எடுத்துப்போடுவாளோ?"

"அந்தச் சந்தேகம் எனக்கு அண்டைக்கே வந்திட்டுது" என்றேன்.